வீட்டில் 2 இணைய இணைப்பு: சேர்த்தால் வேகம் கூடுமா? ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்குமா?

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில் இது சாதாரணம். கீழே கடை. மாடியில் அலுவலகம், சில இடங்களில் குடும்பம். கடைக்கு ஓர் இணைய இணைப்பு, மாடிக்கு இன்னொன்று. வேறு வேறு நிறுவனம், வேறு வேறு ரசீது.

வீவக வீடுகளிலும் இப்படி ஆவதுண்டு. 24 மாத ஒப்பந்தம் பாதிகூட முடிந்திருக்காது, அதற்குள் திருமணமாகி இருவரும் ஒரே வீட்டுக்கு வருகிறார்கள். அல்லது அப்பா அம்மா மகள் வீட்டுக்கு மாறும்போது அவர்களுடைய இணைப்பும் கூடவே வந்துவிடுகிறது. ஒப்பந்தத்தை முறித்தால் கட்டணம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வரும். இரண்டுக்கும் காசு கட்டுகிறோமே, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன?

சேர்க்கலாம். ஆனால் பலரும் எதிர்பார்க்கும் லாபம், அதாவது இரட்டிப்பு வேகம், அதில் கிடைக்காது. கிடைப்பது வேறொன்று: ஒரு நிறுவனத்தின் சேவை முடங்கினாலும் நம் வேலை நிற்காது. சிங்கப்பூரில் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டு ரவுட்டரையும் ஒரே சுவிட்சில் செருகினால்?

எல்லாரும் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். நானும் செய்தேன். இரண்டு ரவுட்டரிலிருந்தும் ஆளுக்கொரு கம்பி, இரண்டும் ஒரே சுவிட்சுக்குள். பத்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அச்சு இயந்திரம் காணாமல் போனது. தொலைக்காட்சி ஒரு இணைப்பில், கணினி இன்னொரு இணைப்பில். வேகம் கூடவில்லை, குழப்பம்தான் கூடியது.

காரணம் எளிது. வீட்டுக் கட்டமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது ரவுட்டரின் வேலை. இரண்டு ரவுட்டர் இருந்தால் இரண்டும் முகவரி கொடுக்கும். எது முதலில் பதில் சொல்கிறதோ அதன் பின்னால் அந்தக் கருவி போய்விடும். இரண்டு ரவுட்டருமே தன்னை 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டால் இன்னும் மோசம். ஒரே வீட்டு எண்ணை இரண்டு வீட்டு வாசலில் மாட்டியது போலத்தான்.

முறையான வழி, இரண்டு இணைப்பையும் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ரவுட்டரை வைப்பது. 'டூயல் வேன்' என்று பெட்டியில் போட்டிருக்கும். இணையத்துக்கான நுழைவாயில் அதில் இரண்டு இருக்கும். வீட்டிலுள்ள மற்றக் கருவிகளெல்லாம் அந்த ஒன்றிடம்தான் பேசும். கடைகளில் விற்கும் சாதாரண வீட்டு ரவுட்டர்கள் பலவற்றிலும் இந்த வசதி இப்போது இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் இருப்பதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஒரு விஷயம் கவனம். இணைய நிறுவனம் தந்த தொலைக்காட்சிப் பெட்டி, வீட்டுத் தொலைபேசி இரண்டும் பொதுவாக அந்தந்த நிறுவனத்தின் மோடத்தோடு கட்டுண்டவை. அவற்றைப் பிடுங்கிப் புதிய ரவுட்டருக்குப் பின்னால் வைத்தால் வேலை செய்யாமல் போகலாம். அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஒன்றும் ஒன்றும் ஏன் இரண்டாவதில்லை?

தேக்காவிலிருந்து பத்து மூட்டை அரிசியை ஈசூனுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு லாரி இருந்தால் ஐந்து ஐந்தாகப் பிரித்து ஏற்றிவிடலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அனுப்ப வேண்டியது ஒரே ஒரு குளிர்பதனப் பெட்டி என்றால்? இரண்டு லாரி இருந்தும் பயனில்லை. ஒன்றில்தான் ஏறும்.

டூயல் வேன் ரவுட்டர் செய்வது மூட்டை பிரிக்கும் வேலை. சுமைப் பகிர்வு என்று சொல்லலாம். மகன் விளையாடும் இணைய விளையாட்டு ஒரு வழியில், உங்கள் ஸூம் கூட்டம் இன்னொரு வழியில். ஒவ்வொரு தொடர்பும் முழுமையாக ஏதாவது ஒரு வழியில்தான் போகும். அதனால் நீங்கள் ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது ஓர் இணைப்பின் வேகம்தான் கிடைக்கும்.

இதில் சில்லறைத் தொல்லையும் உண்டு. வங்கி இணையத்தளத்தில் நுழைந்த பிறகு, பாதி வேலையில் ரவுட்டர் உங்களை அடுத்த வழிக்கு மாற்றினால், வங்கிக்கு நீங்கள் திடீரென்று வேறு முகவரியிலிருந்து வருவது போலத் தெரியும். சந்தேகப்பட்டு வெளியே அனுப்பிவிடும். ஒரே தளத்துக்கான தொடர்புகளை ஒரே வழியில் வைத்திருக்கும்படி ரவுட்டரில் அமைப்பது நல்லது.

குளிர்பதனப் பெட்டியைக் கழற்றி, பாகம் பாகமாக இரண்டு லாரியில் ஏற்றி, போய்ச் சேரும் இடத்தில் மறுபடியும் பூட்டவும் வழி இருக்கிறது. அதற்குப் பெயர் பாண்டிங். ஆனால் மறுமுனையில் பூட்டுவதற்கு ஆள் வேண்டும் இல்லையா? அதாவது, இணையத்தில் எங்கேயோ ஒரு சேவையகம். உங்கள் தரவு முதலில் அங்கே போய் ஒன்றுசேர்ந்து, பிறகுதான் போக வேண்டிய இடத்துக்குப் போகும். ஸ்பீடிஃபை போன்ற செயலிகள், பெப்லிங்க் நிறுவனத்தின் ரவுட்டர்கள், ஓப்பன்எம்பிடிசிபிரவுட்டர் என்ற இலவச மென்பொருள் எல்லாம் இந்த வகைதான். நேரலை ஒளிபரப்புக்குப் போகும் செய்தியாளர்கள் முதுகில் சுமக்கும் கருவியும் இதே உத்தியில்தான் இயங்குகிறது. நான்கைந்து சிம் அட்டைகளைச் சேர்த்து ஒரே காணொளியை அனுப்பும்.

வீட்டுக்கு இது தேவையா? என் கணிப்பில் பெரும்பாலும் இல்லை. மாதக் கட்டணம் ஒன்று கூடும். சுற்றிப் போவதால் தாமதமும் கூடும். அந்தச் சேவையகத்தின் முகவரியைப் பார்த்துவிட்டு, விபிஎன் என்று நினைத்துச் சில காணொளித் தளங்கள் கதவைச் சாத்திவிடும்.

வேகத்துக்காக இரண்டைச் சேர்த்த காலம் ஒன்று சிங்கப்பூரில் இருந்தது. ஸ்டார்ஹப் ஒரு சமயம் கண்ணாடியிழை இணைப்பையும் கேபிள் இணைப்பையும் ஒரே திட்டத்தில் சேர்த்து விற்றது. வேறு சிலர் '2 ஜிகாபிட்' என்று விற்றது, தலா 1 ஜிகாபிட் கொண்ட இரண்டு இணைப்புதான். இன்று அந்தக் கணக்கே மாறிவிட்டது. தேசிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை 10 ஜிகாபிட் வேகத்துக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாகத் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024இல் அறிவித்தது. 2028க்குள் அரை மில்லியனுக்கும் அதிகமான வீடுகள் அந்த வேகத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது இலக்கு. ஒரே கம்பியில் 10 ஜிகாபிட் வரும்போது, அதுவும் நம் மடிக்கணினிகள் பலவற்றின் துளை 1 ஜிகாபிட்டையே தாண்டாதபோது, வேகத்துக்காக இரண்டாவது ரசீது கட்டுவதில் அர்த்தம் இல்லை.

சரி, இணையம் அறுந்துபோனால்?

இங்கேதான் இரண்டாவது இணைப்புக்கு மதிப்பு இருக்கிறது.

2020 ஏப்ரல் 15. நோய்த்தொற்று முறியடிப்புத் திட்டம் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பாடம், பெரியவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை. அன்று பகலில் ஸ்டார்ஹப் இணையச் சேவை தடைபட்டது. ஏறத்தாழ 5 மணி நேரம். சுமார் 250,000 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். அடுத்த மாதம் 12, 13 தேதிகளில் எம்1. ஆணையம் பிறகு ஸ்டார்ஹப்புக்கு 210,000 வெள்ளி, எம்1க்கு 400,000 வெள்ளி அபராதம் விதித்தது.

அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2016 அக்டோபர் 22, 24 இரண்டு நாளும் ஸ்டார்ஹப். அதே ஆண்டு டிசம்பர் 3 சிங்டெல். சிங்டெல் அதற்காக 500,000 வெள்ளி அபராதம் கட்டியது. மூன்று பெரிய நிறுவனங்களும் ஒரு முறையாவது மாட்டியிருக்கின்றன.

இவற்றில் ஒரு பொது அம்சம் இருக்கிறது. எங்கேயும் கம்பி அறுந்துபோகவில்லை. கோளாறு அந்தந்த நிறுவனத்தின் உள்ளே. குறிப்பாக, ஸ்டார்ஹப் சம்பவங்களில் தடுமாறியது டிஎன்எஸ் என்ற பெயர்த் தேடல் சேவை. நாம் தட்டும் இணையத்தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது அது. 2016 அக்டோபரில் அதன்மீது தாக்குதல் நடந்தது. அதுவும் வாடிக்கையாளர்களின் வீட்டிலேயே இருந்த, கிருமி புகுந்த கருவிகளிலிருந்து வந்த தாக்குதல்!

அன்று வேறொரு நிறுவனத்தின் இணைப்பும் கையில் இருந்தவர் தப்பித்திருப்பார். உண்மையைச் சொன்னால், இரண்டாவது இணைப்பு இல்லாமலேயே தப்பித்தவர்களும் உண்டு. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை கூகலின் 8.8.8.8 என்றோ கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்றோ மாற்றியவர்களுக்கு இணையம் திரும்பக் கிடைத்தது. செலவு இல்லை. ஐந்து நிமிட வேலை. இரண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு ரசீது, ஒரே கம்பி

இப்போது அந்த எல்லைக்கு வருவோம்.

சிங்கப்பூரில் வீட்டுக்குள் வரும் கண்ணாடியிழை எந்த இணைய நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. அது நெட்லிங்க் டிரஸ்டுடையது. 2010இல் புதிய தேசியக் கட்டமைப்பு தொடங்கியபோதே அரசாங்கம் அப்படித்தான் வடிவமைத்தது. ஆளுக்கு ஆள் சாலையைத் தோண்டாமல், ஒருவர் கம்பி போடட்டும், எல்லாரும் அதை வாடகைக்கு எடுத்துப் போட்டி போடட்டும் என்பது திட்டம். அப்போது கம்பி போட்ட ஓப்பன்நெட்டை 2013இல் நெட்லிங்க் வாங்கியது. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இணைய நிறுவனம் நெட்லிங்க்குக்கு மாதம் 13.50 வெள்ளி கட்டுகிறது. 2024 ஏப்ரலிலிருந்து ஆணையம் நிர்ணயித்த கட்டணம் அது. அதாவது, உங்கள் இரண்டு ரசீதிலிருந்தும் ஒரு பங்கு ஒரே இடத்துக்குத்தான் போகிறது.

போட்டிக்கும் விலைக்கும் இது மிக நல்ல ஏற்பாடு. மாற்று வழி தேடுபவருக்குத்தான் சிக்கல். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் நெட்லிங்க் பெட்டியில் இரண்டு துளை இருந்தால், இரண்டு நிறுவனங்களை அதே பெட்டியில் பொருத்தலாம். பல வீடுகளில் இருக்கிறது. ஒரே துளை என்றால் கூடுதல் வேலை, கூடுதல் கட்டணம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு இழையும் ஒரே குழாய் வழியாகத்தான் கீழே இறங்கும். புளோக்கின் ஒரே அறைக்குப் போகும். சாலைக்கடியில் ஒரே பாதையில் ஒரே நிலையத்தைச் சேரும். வெளியே தோண்டும் இயந்திரம் அந்தக் குழாயை வெட்டினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

2013 அக்டோபர் 9 நினைவிருக்கிறதா? புக்கிட் பாஞ்சாங்கில் சிங்டெலின் தொலைபேசி நிலையத்தில் தீ. பராமரிப்பு வேலையின்போது பயன்படுத்திய ஊதுவிளக்குதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. கட்டடம் சிங்டெலுடையது. ஆனால் மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கும் இணையம் போனது. காரணம், எல்லாருடைய கம்பியும் அங்கே வந்துதான் சேர்ந்தது. வங்கிக் கிளைகளும் முடங்கின. முழுமையாகச் சரிசெய்ய ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. சிங்டெலுக்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம். அன்று அந்த வட்டாரத்தில் இரண்டு நிறுவனங்களிடம் கண்ணாடியிழை வைத்திருந்தவருக்கும் இருட்டுதான்.

சென்னையில் நிலைமை தலைகீழ். அங்கே ஏர்டெல், ஏசிடி, ஜியோ எல்லாம் தத்தம் கம்பியை இழுக்கின்றன. மின்கம்பங்களில் தொங்கும் அந்தக் கறுப்புக் கொத்தை ஊருக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு நன்றாக இல்லை. ஆனால் இரண்டு நிறுவனம் என்றால் உண்மையிலேயே இரண்டு கம்பி. பெருவெள்ளம் வந்து மின்சாரமும் போனால் அதுவும் உதவாது என்பதை 2015 டிசம்பரில் பார்த்தோம், அது வேறு கதை.

சிங்கப்பூரிலும் முன்பு இரண்டு கம்பி இருந்தது. ஸ்டார்ஹப்பின் கேபிள், கண்ணாடியிழையிலிருந்து முற்றிலும் வேறான கட்டமைப்பு. 2019 செப்டம்பர் 30ஆம் தேதி அது மூடப்பட்டது. அன்றிலிருந்து சாதாரண வீட்டுக்குக் கம்பி வழி என்றால் ஒன்றுதான்.

கம்பி மட்டுமல்ல, கம்பெனியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மைரிபப்ளிக்கின் சிங்கப்பூர் அகண்ட அலைவரிசை வர்த்தகத்தில் பாதிக்கும் சற்றே அதிகமான பங்கு ஏற்கெனவே ஸ்டார்ஹப்பிடம் இருந்தது. மீதியையும் வாங்குவதாக 2025 ஆகஸ்டில் அது அறிவித்தது. அதே மாதம், எம்1இன் தொலைத்தொடர்பு வர்த்தகத்தை சிம்பாவுக்கு விற்கப்போவதாகக் கெப்பல் அறிவித்தது. ஆகவே மாற்று இணைப்பு எடுப்பவர் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்தால் போதாது. அதன் பின்னால் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் இரண்டாவது எது?

என்னைக் கேட்டால் 5ஜி. இரண்டாவது கண்ணாடியிழையைவிட, முதல் இணைப்பு எந்த நிறுவனமோ அதல்லாத வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டை சிறந்தது. அது உங்கள் வீட்டுச் சுவரையும், புளோக்கின் குழாயையும் தொடாமல் காற்றில் போகிறது. கோபுரத்திலிருந்து மேலே அதுவும் கம்பியில்தான் போகும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தெருவில் வெட்டுப்படும் குழாய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு.

பல ரவுட்டர்களில் யூஎஸ்பி வழியாகக் கைத்தொலைபேசியையே இரண்டாவது வழியாகச் செருகிவிடலாம். கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால், சிம் துளை உள்ள ரவுட்டர். வாரத்துக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படாத இணைப்புக்கு மாதாமாதம் முழுக் கட்டணம் கட்டுவதைவிட இது மலிவு.

லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோடு, பஃபலோ ரோடு பக்கம் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். அத்தனை பேரும் ஊருக்குக் காணொளி அழைப்பில் இருக்கும் நேரம். தீபாவளிச் சந்தை நாள்களில் கேம்பல் லேனில் நடக்கவே இடம் இருக்காது. உங்கள் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில்தான் கைத்தொலைபேசி அலையும் நெரிசலில் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வேகத்தைச் சோதித்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். ஞாயிறு மாலை 6 மணிக்குச் சோதியுங்கள்.

அதற்கும் முன்னால், இணையம் போனால் கடையில் என்ன நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பே-நவ் கியூஆர் குறியீட்டை வருடுவது வாடிக்கையாளரின் கைத்தொலைபேசி, அவருடைய தரவு. உங்கள் அகண்ட அலைவரிசை அதில் வருவதே இல்லை. பணம் வந்ததா என்று பார்க்க உங்கள் கைத்தொலைபேசி போதும். அட்டை இயந்திரங்கள் சிலவற்றுக்குள் சொந்த சிம் அட்டை இருக்கிறது. நிற்கப்போவது இணையத்தோடு இணைந்த பில் இயந்திரம், உணவு விநியோக ஆர்டர் வரும் கையடக்கக் கணினி, கண்காணிப்புக் கேமரா. இவற்றில் முதல் இரண்டுக்கு 5ஜி தாராளமாகப் போதும். கேமராவை மாற்று வழியில் விடாதீர்கள். சிம் அட்டையின் தரவை ஒரே நாளில் தின்றுவிடும்.

மாடி இணைப்பைக் கடைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். வீட்டுத் திட்டங்களை வர்த்தகத்துக்குப் பயன்படுத்தப் பெரும்பாலும் அனுமதி இருப்பதில்லை.

இன்னொன்று, மின்சாரம். மோடம், ரவுட்டர் இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை. அது போனால் எத்தனை இணைப்பு இருந்தும் ஒன்றுதான். சிறிய யூபிஎஸ் ஒன்று போதும்.

ரவுட்டருக்கு விஷயம் தெரியுமா?

பலர் கோட்டைவிடும் இடம் இது. டூயல் வேன் ரவுட்டர் வாங்கி, 5ஜியும் பொருத்தி, எல்லாம் தயார். இணையம் போகிறது. ரவுட்டர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஏன்?

முதல் வழி போய்விட்டது என்று அது எப்படி முடிவுசெய்கிறது என்பதைப் பொறுத்தது. சில ரவுட்டர்கள் மோடத்தோடு கம்பித் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மோடத்தில் விளக்கு எரிகிறது, சரி, எல்லாம் நலம் என்று இருந்துவிடும். கொஞ்சம் விவரமானவை, வெளியே 8.8.8.8 போன்ற ஒரு முகவரிக்குச் சில விநாடிக்கு ஒருமுறை குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்க்கும். இது பரவாயில்லை. ஆனால் 2020 ஏப்ரலில் நடந்தது போன்ற கோளாறில் இதுவும் ஏமாறும். எண் முகவரிக்குப் பதில் வந்துகொண்டே இருக்கும், பெயரைத் தட்டினால் மட்டும் எதுவும் திறக்காது. ரவுட்டருக்கு இணையம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

அதனால் அமைப்புப் பக்கத்தில் டிஎன்எஸ் வழியாகச் சோதிக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டிஎன்எஸ் முகவரியையே நிறுவனத்துடையதாக விடாமல், வெளியார் சேவையாக மாற்றி வைத்துவிடுங்கள். முதல் வழி சரியானதும் தானாகத் திரும்பும் வசதியையும் பாருங்கள். இல்லையென்றால் கோளாறு முடிந்து மூன்று நாளாகியும் சிம் அட்டைத் தரவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ரசீது வந்த பிறகுதான் தெரியும்.

எல்லாம் முடிந்ததும், கடையில் கூட்டமில்லாத ஒரு மதிய நேரத்தில், ரவுட்டரிலிருந்து மோடத்துக்குப் போகும் கம்பியை அல்ல, மோடத்தின் பின்னால் இருக்கும் கண்ணாடியிழையைக் கவனமாகக் கழற்றுங்கள். அது மெல்லியது, மடிக்கக்கூடாது. மோடத்தின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், இணையம் மட்டும் இருக்காது. ரவுட்டர் எத்தனை விநாடியில் தாவுகிறது, பில் இயந்திரம் தானாக எழுகிறதா, அல்லது அணைத்துப் போட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணாடியிழையைத் திரும்பச் செருகி, பழைய வழிக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை ரவுட்டரின் மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை இணையம் போகும்போது கடையில் இருக்கப்போவது நீங்களாக இல்லாமல் போகலாம்.